பத்துக் குஞ்சில் ஐந்து சேவல்: கொல்லைக்கோழி வளர்ப்பும் அறுப்பும்

அடை வைத்த முட்டையில் 10 குஞ்சு பொரித்தால் ஏறக்குறைய 5 சேவலாகத்தான் இருக்கும். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை வேண்டும். கொல்லையில் 8 பெட்டை வளர்ப்பவருக்கு ஒரு சேவல் போதும். மீதி நாலை என்ன செய்வது என்பது குஞ்சு பொரிக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். சேவல் ஆள்மேல் பாய்கிறது, பெட்டையின் முதுகில் இறகே இல்லை, விடியற்காலை நாலு மணிக் கூவலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார் என்று வரும் குறைகள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தள்ளிப்போட்டதால் வருபவை. அதனால் வளர்ப்பையும் அறுப்பையும் தனித்தனி வேலையாக இங்கே பிரிக்கவில்லை.

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பெஸ்தாரி ஜெயா, குளுவாங் என்று எந்தத் தோட்டத்து டவுனாக இருந்தாலும், கூண்டு கட்டும் முன் ஊர் மஜ்லிஸில் (நகராண்மையில்) ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்கு ஒரு விதி, லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கம்பத்துக்கும் (கிராமம்) வேறு விதி, மாநிலத்துக்கு மாநிலமும் மாறும். தோட்டக் குடியிருப்பு என்றால் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும்.

கூண்டு

மூசாங் (மரநாய்), மலைப்பாம்பு, பியாவாக் (உடும்பு), எலி, குரங்கு. இந்த ஐந்தையும் மனத்தில் வைத்துக் கட்டுங்கள். கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும், மூசாங்கை வெளியே வைக்காது. அது பல்லால் கடித்தே கம்பியைப் பிரித்துவிடும். பிரிக்க முடியாவிட்டால் கண் வழியாகக் கையை விட்டு, தூங்கும் கோழியின் காலைப் பிடித்து இழுக்கும். காலையில் தலையோ காலோ இல்லாத கோழி கூண்டுக்குள்ளேயே கிடந்தால் அது மூசாங் வேலை என்று சந்தேகிக்கலாம். கீழிருந்து 2 அடி உயரம் வரையாவது அரை அங்குலச் சதுரக் கண் உள்ள கெட்டிக் கம்பிவலை அடியுங்கள். கூண்டின் காற்றோட்ட இடைவெளிக்கும் அதே வலைதான், ஒரு அங்குல இடுக்கு இருந்தாலும் குட்டிப் பாம்பு நுழைந்துவிடும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, குரங்கு திறந்துவிடும். கொக்கியில் ஒரு கிளிப் மாட்டுங்கள்.

தரையிலிருந்து 2 முதல் 3 அடி உயர்த்தி, அடியில் மரச் சட்டங்களை ஒரு அங்குல இடைவெளி விட்டு அடித்த கூண்டு நம் மழைக்குத் தோதானது. எச்சம் கீழே விழும், ஈரம் தங்காது, கீழே வாரி எடுப்பதும் சுலபம். ஆனால் அந்த ஒரு அங்குல இடைவெளி பாம்புக்கும் வழி என்பதால், சட்டத்துக்கு அடியிலும் அரை அங்குல வலை அடித்தாக வேண்டும், வலையில் தேங்கும் எச்சத்தை வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும். ஒரு கோழிக்கு உள்ளே 4 சதுர அடி, வெளியே மேய 10 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். தகரக் கூரையைச் சுவரைத் தாண்டி 2 அடி நீட்டுங்கள், இல்லாவிட்டால் சாரல் முழுவதும் உள்ளேதான் வரும். பகலில் நிழல் விழுகிற இடமாகப் பாருங்கள், மதியம் தகரத்தின் கீழ் கோழி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அந்தக் கூரை மிகவும் தாழ்ந்திருக்கிறது என்று பொருள்.

உட்கார 4 முதல் 5 சென்டிமீட்டர் தடிமனில் வழவழப்பான கட்டை, கோழிக்கு 8 அங்குல நீளம். முட்டையிட ஒரு அடிக்கு ஒரு அடிப் பெட்டி, 4 பெட்டைக்கு ஒன்று. பெட்டியை உட்காரும் கட்டைக்குக் கீழாக வையுங்கள். உயரமாக வைத்தால் இரவில் அதிலேயே ஏறித் தூங்கும், முட்டையெல்லாம் எச்சமாகும்.

எந்தக் கோழி

நாட்டுக்கோழி, அதாவது நம் பாசாரில் (சந்தையில்) ஆயாம் கம்போங் என்று விற்பதுதான், கொல்லைக்குத் தாங்கும். வெயில் தாங்கும், தானே அடைகாக்கும். பிராய்லர் குஞ்சு 35 முதல் 42 நாளில் 2 கிலோ வரும், ஆனால் அதைத் திறந்துவிட்டு வளர்க்கக் கூடாது. அதன் இதயமும் காலும் அந்த எடையைத் தாங்குவதில்லை, நடுவெயிலில் கீழே விழுந்து சாகும்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. பனை வரிசைக்குள் காட்டுக்கோழிகள் உண்டு, அந்திவேளையில் நம் பெட்டைகளோடு மேயவும் வரும். அந்தக் கலப்பில் பிறக்கும் குஞ்சுகள் பறக்கும், மனிதரைக் கண்டால் சிதறி ஓடும், எடையும் குறைவு. கோழி வளர்ப்பில் புதியவர்களுக்கு இவை வேண்டாம். காட்டுக்கோழியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம், அனுமதியில்லாமல் தொடக் கூடாது.

அடை வைப்பதும் குஞ்சு எடுப்பதும்

முட்டை 7 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. குளிர்பெட்டியில் வைக்காமல், கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான இடத்தில் சேர்த்து வையுங்கள். ஒரு பெட்டைக்கு 10 முட்டை, பெரிய பெட்டை என்றால் 12. கூடுதலாக வைத்தால் ஓரத்து முட்டைகள் சூடு இழக்கும், பெட்டை முட்டைகளை மாற்றி மாற்றி உருட்டுவதால் எல்லாமே கெடும். 7ஆம் நாள் இருட்டில் கைபேசி விளக்கை முட்டையின் மொட்டை முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி போல் இரத்த நரம்பு படர்ந்திருந்தால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது அழுகி வெடிக்கும். 21ஆம் நாள் பொரிக்கும்.

தீபாவளிக்கு வீட்டுச் சேவல் வேண்டும் என்று நினைப்பவர்கள் நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ண வேண்டும். அறுக்க 5 மாதம், பொரிக்க 3 வாரம். 2026 தீபாவளி நவம்பர் 8 என்பதால் முட்டையை மே மூன்றாம் வாரத்தில் அடை வைக்க வேண்டும். புரட்டாசியில் வீட்டில் கறி கிடையாது என்றாலும் தீனி போட்டே ஆகவேண்டும். அந்த மாதத்தில் முற்றிவிடும் சேவல்கள் கூண்டில் சண்டைதான் போடும். எனவே ஒரே அடையில் எல்லாவற்றையும் பொரிக்காமல் 2 மாத இடைவெளி விட்டு இரண்டு அடை வைப்பது நல்லது.

தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் 20 குஞ்சுக்கு 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும், அதிலும் பகலில் அணைத்துவிடலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக் கிடந்தால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு அதிகம். சிதறி மேய்ந்துகொண்டு மெல்லக் கீச்சிட்டால் சரியாக இருக்கிறது.

5, 6 வாரத்தில் கொண்டை சிவந்து, கால் தடித்து வளர்வது சேவல். 12 வாரத்தில் இடுப்பில் தொங்கும் இறகு கூராக நீண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். அன்றே எத்தனை சேவல் என்று எண்ணி எழுதிவிடுங்கள்.

தீனி

குஞ்சுக்கு 8 வாரம் வரை 18 முதல் 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீனி, பிறகு வளர்ச்சித் தீனி, முட்டையிடத் தொடங்கிய பெட்டைக்கு 16, 17 சதவீதப் புரதமும் கால்சியமும் உள்ள முட்டைக்கோழித் தீனி. நாட்டுப் பெட்டை நாளுக்கு 80 முதல் 100 கிராம் தின்னும். தண்ணீர் அதற்கு இரண்டு மடங்கு, வெயில் நாளில் அதற்கும் மேல். முட்டைக்கோழித் தீனியைச் சேவலுக்கும் குஞ்சுக்கும் போடாதீர்கள், கால்சியம் கூடி சிறுநீரகம் கெடும். சிப்பிப் பொடியைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் பெட்டை தனக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளும்.

குருணை அரிசி, தேங்காய்ச் சக்கை, பப்பாளி இலை, சமையலறை மிச்சம் எல்லாம் தீனிக்குத் துணைதான், தீனி ஆகாது. செம்பனை ஆலையிலிருந்து வரும் கொட்டைப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் நார் அதிகம். தீனியில் 10 சதவீதத்தைத் தாண்டினால் கோழி தின்னும், எடை மட்டும் ஏறாது. பூஞ்சணம் பிடித்த எதையும், மணம் மாறிய பிண்ணாக்கையும் போடவே கூடாது. அதிலுள்ள நஞ்சு கல்லீரலைத் தாக்கும், அதன் விளைவு அறுக்கும் நாளில்தான் கண்ணுக்குத் தெரியும்.

தீனியை மூடியுள்ள பீப்பாயில் வையுங்கள். சாக்கில் வைத்தால் எலி வரும், எலியைத் தேடி நாகம் வரும். தோட்டத்தில் எலிக்குப் போடும் விஷக் கட்டிகளைக் கோழி கொத்திவிடும், விஷம் தின்று செத்த எலியையும் விடாது. கூண்டுக்குப் பக்கத்துப் பனையடியில் கட்டி வைக்க வேண்டாம் என்று மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) முன்கூட்டியே சொல்லுங்கள். களைக்கொல்லி தெளிக்கும் நாளும் அப்படித்தான். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை, ஆனால் மற்ற மருந்துகள் தெளிப்பது தொடர்கிறது. தெளித்த வரிசையில் இரண்டு நாளாவது கோழியை விடாதீர்கள்.

ஆந்தையைக் கண்டால் சிலர் விரட்டுகிறார்கள், அது தேவையில்லை. செம்பனைத் தோட்டத்தில் எலிக்காகக் கூடு கட்டி வளர்க்கும் கூகை ஆந்தை வளர்ந்த கோழியைத் தூக்காது.

நோய்

கழுத்து திருகிக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, ஒரே வாரத்தில் கூண்டையே காலி செய்வது இராணிக்கெட் நோய். இங்கே சம்பார் என்பார்கள். வந்த பிறகு மருந்து கிடையாது. தடுப்பு மருந்து மட்டும்தான். முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, 3, 4 வாரத்தில் மறுபடியும், பிறகு 3, 4 மாதத்துக்கு ஒருமுறை. கம்பத்துக் கோழிக்காகவே வெப்பம் தாங்கும் வி4 என்னும் வகையை 1980களில் அப்போதைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள், தீனியோடு கலந்தும் அது கொடுக்கப்பட்டது. குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கு மருந்து இருக்கும், திறந்த பிறகு 2 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். எனவே லயத்தில் நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கி ஒரே காலையில் போடுவதே சிக்கனம்.

குடிநீரில் கலந்து கொடுப்பதானால் குழாய்த் தண்ணீரை நேராக எடுக்கக் கூடாது, அதிலுள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். கொதிக்க வைத்து ஆறிய நீரில் லிட்டருக்கு 2 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து பயன்படுத்துங்கள்.

3 முதல் 6 வாரக் குஞ்சு சுருண்டு உட்கார்ந்து இரத்தமாகக் கழிந்தால் ஈரத்தரையால் வந்த கழிச்சல். கால்நடை மருந்துக் கடையில் அம்ப்ரோலியம் கேளுங்கள், பையில் எழுதியுள்ள அளவில் கொடுங்கள், தரையின் உமியையும் மரத்தூளையும் அன்றே மாற்றுங்கள். தரையை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுப்பது வீண். கொண்டையில் கரும்புண் முளைப்பது அம்மை, கொசு பரப்புவது, தேங்கிய நீரை ஊற்றிவிடுவதே முதல் மருந்து. காலில் செதில் தூக்கிக்கொண்டால் தேங்காய் எண்ணெயை 4, 5 நாள் தொடர்ந்து தடவுங்கள், உள்ளேயுள்ள பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். மணலும் விறகுச் சாம்பலும் கலந்த ஒரு குழி கூண்டில் இருந்தால் பேன் தானாகக் குறையும்.

ஒரே நாளில் பல கோழி காரணமில்லாமல் செத்தால் அறுக்கவும் விற்கவும் வேண்டாம். கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். 2004இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது கம்பத்துக் கோழிகளில்தான்.

பாயும் சேவல்

4 மாதத்திலிருந்து 8 மாதத்துக்குள் சேவலின் குணம் வெளிவரும். நேற்றுவரை காலைச் சுற்றியது இன்று பாயும். கையிலேயே தூக்கி வளர்த்த சேவல்தான் பெரும்பாலும் மோசமாகும், அதற்கு மனிதனிடம் பயமில்லை, உங்களையும் இன்னொரு சேவலாகவே பார்க்கிறது. எனவே சேவல் குஞ்சைப் பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சாமல் இருப்பதே முதல் தடுப்பு.

பாய்வதற்கு முன் அது அறிவிப்புத் தரும். ஒரு பக்கச் சிறகைத் தரையில் உரசும்படி தாழ்த்தி, நேராக வராமல் பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாகச் சுற்றி வரும். கழுத்து இறகு சிலிர்த்து வளையமாக நிற்கும். ஒன்றும் இல்லாத தரையில் ஏதோ கிடைத்தது போல் கொத்திக் கொத்தி எடுக்கும். அடுத்தது இரண்டு காலும் ஒன்றாகத் தூக்கி எகிறி, முள்ளை முன்னே நீட்டிக் குத்தும். பெரும்பாலும் முதுகைக் காட்டிய நேரத்தில்தான். ரப்பர் பூட்ஸ், ஆடும் கைலி, அசையும் துடைப்பம், வெயிலில் மினுங்கும் பாராங் (வெட்டுக்கத்தி), தீனி வாளி, இவையெல்லாம் அதைத் தூண்டும். பெட்டையைக் கையில் பிடிக்கும்போது அது கத்தினாலும் பாயும்.

உதைப்பது தவறு. உதைத்தால் சண்டைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டதாக அது எடுத்துக்கொள்ளும், நாளை இன்னும் தூரத்திலிருந்தே வரும். ஓடுவதும் தவறு, அது வென்றுவிட்டதாக அர்த்தம். செய்ய வேண்டியது இது: ஒரு முறத்தையோ வாளி மூடியையோ முழங்கால் முன் பிடித்து நேராக நில்லுங்கள், அதன் மேல் மோதட்டும். மோதி ஓய்ந்ததும் பின்வாங்காமல் மெதுவாக அதை நோக்கி நடங்கள். அது வழிவிட்டு நகர்ந்து, தலையைத் தாழ்த்தி வேறு பக்கம் மேயத் தொடங்கும்வரை நிற்காதீர்கள். வேகம் வேண்டாம், சத்தமும் வேண்டாம்.

இரவில் கட்டையில் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பிடிப்பது எளிது, இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, அசையாது. ஒரு கையை மார்புக்கு அடியில் கொடுத்து இரண்டு காலையும் விரல் இடுக்கில் பிடித்து, சிறகுகள் உங்கள் கைக்கும் விலாவுக்கும் நடுவில் அடங்கும்படி அணைத்துக்கொள்ளுங்கள், தலை முழங்கைக்குப் பின்னால் இருக்கட்டும். காலையில் பெட்டைகளின் நடுவே அப்படியே 10, 15 நிமிடம் தூக்கிக்கொண்டு நடங்கள். இறக்கும்போது திமிறினால் விடாதீர்கள். முதுகில் கையை வைத்துத் தரையோடு மெல்ல அழுத்திப் பிடித்து, கழுத்து தளர்ந்து தலை தாழ்ந்த பிறகே கையை எடுங்கள். 2 முதல் 3 வாரம் தவறாமல் செய்ய வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் செய்தால் அது அவருக்கு மட்டும் அடங்கும், பாட்டிமேல் பாயும். தீனி போடும் எல்லோரும் செய்ய வேண்டும்.

முள்ளின் உள்ளே எலும்பும் இரத்தமும் உண்டு. நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கை மட்டும் நாய் நகம் வெட்டும் கத்தரியால் வெட்டி, அரத்தால் மழுக்குங்கள். இரத்தம் வந்தால் மஞ்சள் தூளோ சோள மாவோ வைத்து 5 நிமிடம் அழுத்துங்கள். சூடான உருளைக்கிழங்கைக் குத்திப் பிடுங்கும் முறை சொல்வார்கள், அது காலைச் சுட்டு வேதனை கொடுப்பது, வேண்டாம்.

முள் குத்திய காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 5 நிமிடம் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனை. சேவலின் எகிறல் சிறு பிள்ளையின் முகத்துக்குச் சரியாக வரும், அதனால் பாயும் சேவல் உள்ள கூண்டுக்கு முட்டை எடுக்கப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது.

மூன்று வாரம் முயன்றும் குழந்தைமேல் பாயும் சேவலை வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் குணம் குஞ்சுக்கும் இறங்கும், அதன் விந்தில் பொரிக்கும் அடுத்த சேவல்களும் இதே வேலை செய்யலாம். தெரியாதவருக்கு நல்ல சேவல் என்று சொல்லி விற்பதும் நியாயமில்லை, அங்கும் பிள்ளைகள் இருக்கும். சண்டைக்கு என்று விலைகேட்டு வருகிறவருக்கும் கொடுக்காதீர்கள், சேவல் சண்டை 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி குற்றம். அதை அறுத்துவிடுவதுதான் நேர்மையான வழி.

அறுக்கும்வரை கூடுதல் சேவல்களைப் பெட்டை கண்ணில் படாத தனிக் கூண்டில் ஒன்றாக வையுங்கள். சேர்ந்தே வளர்ந்தவை பெட்டை இல்லாவிட்டால் அடங்கியிருக்கும். ஒன்றை வெளியே எடுத்து இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்ப விட்டால் சண்டை வரும், எனவே எடுத்தால் எடுத்ததுதான்.

அறுக்கும் நாள்

நாட்டுச் சேவல் 4 முதல் 5 மாதத்தில் 1.3 முதல் 1.8 கிலோ இருக்கும். அதற்கு மேல் காத்திருந்தால் கறி முற்றும், சண்டையும் கூடும். மருந்து கொடுத்திருந்தால் பையில் எழுதியுள்ள நிறுத்த நாள் முடிந்த பிறகே அறுக்க வேண்டும்.

முந்தின இரவு 8 முதல் 12 மணி நேரம் தீனி கொடுக்காதீர்கள், தண்ணீர் மட்டும். காலையில் கழுத்தடியில் விரலால் தடவிப் பாருங்கள், உருண்டையாகவோ மணல் பை போலவோ தட்டுப்பட்டால் தீனிப்பை இன்னும் காலியாகவில்லை. இந்த ஒரு படி தவறினால் குடல் எடுக்கும்போது எச்சம் கறியில் சிந்தும். ஓடவிட்டுத் துரத்திப் பிடிப்பதும் கூடாது. பயந்து ஓடிய கோழியின் கறி கடினமாகும், இரத்தம் சரியாக வடியாது. இரவிலேயே கட்டையிலிருந்து எடுத்து இருட்டுக் கூடையில் வையுங்கள்.

பாராங்கால் கட்டையில் வைத்து ஒரே வெட்டு என்று பலர் செய்வது பழக்கம். குறி தவறினால் கோழிக்கு வேதனை, உடல் துள்ளிச் சிறகு முறிந்து இரத்தம் தோலுக்கடியில் கட்டும். கூம்பு வைத்துச் செய்வது நல்லது. 5 கிலோ சமையல் எண்ணெய் போத்தலின் அடியை வெட்டி, கழுத்து வாயை 2.5 அங்குலமாக அகலப்படுத்தி, இடுப்பு உயரத்தில் தூணில் தலைகீழாக அடியுங்கள். 2 கிலோவுக்கு மேல் உள்ள சேவலுக்கு அது சிறியது. மேலே 8, கீழே 3.5 அங்குலம் அகலமும் ஒரு அடி நீளமும் உள்ள தகரக் கூம்பு சுருட்டிக்கொள்ளுங்கள், விளிம்பைக் கண்டிப்பாக மடக்குங்கள். கோழியைத் தலைகீழாக இறக்கியதும் சிறகு அடங்கி அமைதியாகும்.

5 அங்குலக் கத்தி போதும், ஆனால் காகிதத்தைக் கிழிக்கும் கூர்மை வேண்டும். இடது கையால் தலையைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்து, தாடைக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் உள்ள இரத்தக் குழாய்கள் அறும்படி ஒரே இழுப்பில் குறுக்காக அறுங்கள். தயங்கித் தயங்கி அறுப்பதுதான் கொடுமை. கறியை முஸ்லிம் நண்பர் வீட்டுக்கும் பகிர்வதாக இருந்தால் அறுப்பை அவரிடமே விடுங்கள். இரத்தம் 2, 3 நிமிடத்தில் வடியும். அதற்குள் உடல் துடிக்கும், அது நரம்பின் வேலை. கண்ணைத் தொட்டுப் பாருங்கள், இமைக்காவிட்டால்தான் உயிர் போயிருக்கிறது. அதற்கு முன் வெந்நீரில் போடவே கூடாது.

இறகு பிடுங்க 60 முதல் 65 டிகிரி வெந்நீர் வேண்டும். வெப்பமானி இல்லையா? கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு. நம் ஊர்க் குழாய் நீர் 28 டிகிரி அளவில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து 64க்குப் பக்கத்தில் வரும். 20 லிட்டர் வாளியில் 16 லிட்டர் போதும். காலைப் பிடித்து முழுக்கி, இறகுக்கு அடியில் நீர் புகும்படி மேலும் கீழும் ஆட்டி, 45 முதல் 60 நொடி. வால் இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள், எதிர்ப்பில்லாமல் வந்தால் எடுத்துவிடுங்கள். அதிகச் சூட்டில் தோல் வெந்து இறகோடு கிழியும். குறைவான சூட்டில் இறகு உடையும், அடி தோலிலேயே நிற்கும். இரண்டு மூன்று கோழிக்கு ஒருமுறை ஒரு கெண்டி கொதிநீர் சேர்த்துச் சூட்டைப் பிடித்து வையுங்கள்.

சிறகும் வாலும் முதலில், ஆறினால் அவைதான் இறுகும். பிறகு கால், மார்பு, முதுகு. தோலில் முளைக்குருத்து நிற்பவற்றைக் கத்தி முனைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து இழுங்கள். கடைசியில் மஞ்சள் தூளை நீரில் குழைத்து உடல் முழுதும் தடவி, காய்ந்த தென்னை ஓலைத் தீயில் வேகமாகத் திருப்பித் திருப்பி வாட்டுங்கள். பூ முடி கருகி, தோல் இறுகி, அந்த மணம் வரும். அச்சிட்ட பத்திரிகையை எரித்து வாட்டாதீர்கள்.

குடல் எடுத்தல்

செதிலுள்ள காலை, இறகுப் பகுதி தொடங்கும் மூட்டில், எலும்பில் அல்ல, மூட்டின் இடுக்கில் வெட்டுங்கள். தலையை எடுத்து, கழுத்துத் தோலை முதுகுப் பக்கம் கீறி, தீனிப்பையையும் மூச்சுக்குழலையும் விரலால் தோலிலிருந்து பிரித்துவிடுங்கள். இப்போதே பிரிக்காவிட்டால் பின்னால் இழுக்கும்போது மேலே மாட்டிக்கொள்ளும். வாலின் மேலுள்ள மஞ்சள் எண்ணெய்க் கட்டியைத் தோண்டி எடுங்கள், விட்டால் கறி முழுவதும் வீச்சம்.

கோழியை மல்லாத்தி, மலவாய்க்கு மேல் 2 அங்குலம் தோலை மட்டும் கீறுங்கள். கத்தியை ஆழமாக விட்டால் குடல் கிழியும். மலவாயைச் சுற்றி வட்டமாக அறுத்து விடுவித்த பின், கையை மார்பெலும்பை ஒட்டியே உள்ளே நுழைத்து, கற்குடல் என்னும் கெட்டியான உருண்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். நுரையீரல் விலா எலும்பில் ஒட்டியிருக்கும், விரல் நகத்தால் சுரண்டுங்கள்.

கல்லீரலின் இரு மடலுக்கு நடுவில் கரும்பச்சை நிறத்தில் சுண்டுவிரல் நுனி அளவு பித்தப்பை. அதை அழுத்தாமல், ஒட்டியுள்ள கல்லீரலில் சிறு துண்டோடு சேர்த்து வெட்டி வீசுங்கள். உடைந்தால் அந்தப் பகுதியை உடனே நீரில் கழுவி வெட்டிவிடுங்கள், கசப்பு போகாது. கற்குடலை, பாசாரில் ஹெம்பெடால் என்று கேட்டு வாங்குவதை, நடுவில் கீறி மணலைக் கொட்டி, உள்ளேயுள்ள மஞ்சள் தோலை உரித்துவிடுங்கள்.

கல்லீரலைப் பார்க்காமல் அடுப்புக்குப் போகாதீர்கள். ஒரே செம்பழுப்பு நிறமாக, வழவழப்பாக இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கட்டி, வயிற்றில் நீர், கெட்ட நாற்றம் எது இருந்தாலும் அந்தக் கோழி முழுவதையும் புதைத்துவிடுங்கள்.

1.6 கிலோ சேவலில் கறி 1.1 கிலோ வரை தேறும். அறுத்த உடனே அடுப்பில் ஏற்றுங்கள், அல்லது ஐஸ் நீரில் ஆறவைத்து 4 டிகிரிக்குக் கீழ் குளிர்பெட்டியில் ஒரு நாள் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில், 2, 3 மணி நேரம் கழித்துச் சமைத்தால் தசை விறைத்து ரப்பர் போல் இருக்கும், அதைக் கோழியின் வயதால் வந்தது என்று நினைத்துவிடுவார்கள். 5 மாதச் சேவல் 40 நிமிடத்தில் வேகும். ஒரு வருடம் தாண்டிய சண்டைச் சேவலுக்குக் குக்கரில் முக்கால் மணி நேரம் கொடுங்கள், மிளகு தூக்கலாகப் போட்டு ரசம் வையுங்கள், அதற்குத்தான் அது சரி.

பலகை, கத்தி, வாளி எல்லாவற்றையும் சோப்பில் கழுவிய பின், 4 லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி குளோரோக்ஸ் (வெளுப்பான்) கலந்து ஊற்றி, காய வையுங்கள். சமையலறைத் தொட்டியில் கோழியைக் கழுவாமல் வெளியே கழுவுங்கள். இறகையும் குடலையும் சாக்கடையிலோ ஆற்றிலோ போடாமல், வாழை மரத்துக்கு 3 அடி தள்ளிச் சங்குலால் (மண்வெட்டியால்) 2 அடி ஆழம் தோண்டிப் புதையுங்கள். மேலே ஒரு கை சுண்ணாம்பு தூவி மண்ணை மிதித்து, அதன்மேல் ஒரு தகரத்தைப் போட்டுக் கல்லை வையுங்கள், இல்லாவிட்டால் அன்றிரவே நாயோ பியாவாக்கோ தோண்டி எடுத்துவிடும்.